பழைய புகைபோக்கிக்குள் ஒரு புதிய பாதை

பிரிட்டனில் விக்டோரியா அரசியின் காலத்தில், அதாவது 1837 முதல் 1901 வரையிலான ஆண்டுகளில், கட்டப்பட்ட தொடர்வீடுகளின் கூரைகளுக்கு மேல் செங்கல் தண்டுகள் எழும்பி நிற்பதையும், அவற்றின் உச்சியில் சுடுமண் குழல்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருப்பதையும் இன்றும் காணலாம். பொதுவாக ஒரு குழல் ஓர் அறையின் கணப்புக்கு உரியது என்பதால், தண்டின் மேல் எட்டுக் குழல்கள் இருந்தால், பொதுச்சுவரின் இருபுறமும் உள்ள இரண்டு வீடுகளில் சேர்த்து எட்டு அறைகளில் ஒருகாலத்தில் நெருப்பு எரிந்தது என்று தெருவில் நின்றபடியே கணக்கிட்டுவிட முடியும். கணப்பு என்பது அறையைச் சூடாக்குவதற்காகச் சுவரில் குடைந்து அமைத்த திறந்த அடுப்பு. உதகையிலும் கொடைக்கானலிலும் ஆங்கிலேயர் கட்டிய பங்களாக்களில் காணப்படும் சுவர்க் கணப்புகளும் இந்த மரபைச் சேர்ந்தவையே. ஒவ்வொரு கணப்பிலிருந்தும் தனித்தனியே ஒரு புகைப்பாதை சுவருக்குள் வளைந்தும் நெளிந்தும் மேலேறி, மற்றப் பாதைகளோடு ஒரே தண்டுக்குள் சேர்ந்தாலும் அவற்றோடு கலக்காமல், அரைச்செங்கல் கனமுள்ள தடுப்புச் சுவர்களால் பிரிக்கப்பட்டு, தன் குழலில் போய் முடிகிறது. எனவே வெளியில் தெரியும் செங்கல் கட்டடத்தைப் புகைபோக்கி என்றும், அதனுள் புகை செல்லும் வெற்றிடத்தைப் புகைப்பாதை என்றும் வேறுபடுத்திக் கொள்வது பின்வரும் செய்திகளைப் புரிந்துகொள்ள உதவும்.

1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாட்கள் மூடிய நச்சுப் புகைமூட்டமும், அதன் விளைவாக வந்த 1956ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டமும், பின்னர் வடகடலிலிருந்து வந்த இயற்கை எரிவாயுவும் சேர்ந்து இந்தக் கணப்புகளில் பெரும்பாலானவற்றை அணைத்துவிட்டன. அண்மைப் பத்தாண்டுகளில் அதே கணப்புக் குழிகளுக்குள் கண்ணாடிக் கதவு பொருத்திய, விறகு எரிக்கும் இரும்புக் கணப்படுப்புகள் வந்து அமர்ந்திருக்கின்றன. அவற்றைப் பொருத்த வரும் தொழிலாளி பெரும்பாலும் முதலில் சொல்லும் செய்தி, பழைய புகைப்பாதைக்குள் புதிய உள்ளுறை ஒன்றை, அதாவது புகை செல்வதற்கான தனிக் குழாய் ஒன்றை, இறக்க வேண்டும் என்பதாகும். நூறாண்டுக் காலம் நிலக்கரிப் புகையைத் தடையின்றி வெளியேற்றிய ஒரு புகைபோக்கி, அளவில் அதைவிட மிகச் சிறிய ஒரு விறகு நெருப்புக்குப் போதாதா என்ற ஐயம் வீட்டுக்காரருக்கு எழுவது இயல்பு. புதிய அடுப்பு பழைய கணப்பைவிட மிக நன்றாக வேலை செய்வதே சிக்கலுக்குக் காரணம் என்பதுதான் அந்த ஐயத்திற்கான விடை.

இதைத் தெளிவாக்க, புகை ஏன் மேலே செல்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. காற்று சூடேறும்போது விரிந்து அடர்த்தி குறைகிறது. 5 பாகை செல்சியஸ் குளிரில் ஒரு கனமீட்டர் காற்றின் நிறை ஏறக்குறைய 1.27 கிலோகிராம் என்றால், 200 பாகையில் அதே கனமீட்டரின் நிறை 0.75 கிலோகிராமுக்குச் சற்றே குறைவு. புகைபோக்கிக்குள் நிற்கும் சூடான வளிமத் தூண், வெளியே அதே உயரத்திற்கு நிற்கும் குளிர்காற்றுத் தூணைவிட எடை குறைந்திருப்பதால், அடியில் இரண்டுக்கும் இடையே ஓர் அழுத்த வேறுபாடு உண்டாகி, கனமான வெளிக்காற்று அடுப்பின் வாய் வழியாக உள்ளே தள்ளிப் புகையை மேலேற்றுகிறது. இந்த அழுத்த வேறுபாட்டுக்கு இழுப்பு என்று பெயர். புகை தானாக எழுவதாகத் தோன்றினாலும், உண்மையில் வெளியிலுள்ள குளிர்காற்றே அதைத் தள்ளி ஏற்றுகிறது. எட்டு மீட்டர் உயரமுள்ள ஒரு புகைபோக்கியில் சராசரி வெப்பநிலை 200 பாகையாக இருந்தால் இழுப்பு ஏறத்தாழ 40 பாஸ்கல். வளிமண்டல அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கலுக்கும் அதிகம். அதில் இரண்டாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு அளவேயான இந்த நுண்ணிய வேறுபாட்டை நம்பித்தான் ஒரு வீட்டின் நெருப்பு முழுவதும் இயங்குகிறது. சராசரி வெப்பநிலை 80 பாகைக்கு இறங்கினால் இழுப்பு பாதியாகி 20 பாஸ்கலுக்கு வருகிறது. 40 பாகைக்கு இறங்கினால் 11 பாஸ்கல்தான் மிஞ்சும். ஆய்வகத்தில் கணப்படுப்புகளைச் சோதிக்கும்போது வழக்கமாக 12 பாஸ்கல் இழுப்பு கொடுக்கப்படுகிறது என்பதோடு ஒப்பிட்டால், குளிர்ந்த புகைபோக்கியோடு இணைந்த அடுப்பு எவ்வளவு திணறும் என்பது விளங்கும்.

திறந்த கணப்பில் இந்தத் திணறல் இல்லாததற்கு அதன் ஊதாரித்தனமே காரணம். எரிபொருளின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அளவே அறைக்குக் கிடைக்க, மீதியெல்லாம் அறையிலிருந்து உறிஞ்சப்பட்ட ஏராளமான காற்றோடு சேர்ந்து புகைபோக்கி வழியாக வெளியேறியது. அறையில் இருப்பவருக்கு இது இழப்பு. ஆனால் புகைபோக்கிக்கு இதுவே உணவு. கனத்த செங்கல் சுவர் சூடாகவே இருந்தது, ஈரம் தங்க இடமில்லை, புகை நீர்த்துப்போய் விரைந்து வெளியேறியது. அமெரிக்காவில் பிறந்து ஐரோப்பாவில் புகழ்பெற்ற பெஞ்சமின் தாம்சன் என்னும் ரம்ஃபோர்டு பிரபு, 1790களிலேயே இந்த ஊதாரித்தனத்தைக் கண்டித்து, கணப்பின் பின்சுவரை முன்னுக்குக் கொண்டுவந்தும், புகை நுழையும் கழுத்தை நான்கு அங்குலமளவுக்குக் குறுக்கியும் பல கணப்புகளைத் திருத்தியமைத்தார். நெருப்பின் அளவுக்கேற்ப வழியின் அளவும் இருக்க வேண்டும் என்று அவர் உணர்ந்திருந்தார். ஆனால் அவர் கைவைத்தது பெரும்பாலும் கழுத்துவரையில்தான், அதற்கு மேலுள்ள புகைப்பாதை பழைய அகலத்திலேயே இருந்தது.

இன்றைய கணப்படுப்பு விறகின் ஆற்றலில் முக்கால் பங்கையோ அதற்கும் மேலாகவோ அறைக்குத் தந்துவிடுகிறது. கதவு மூடியிருப்பதால் உள்ளே நுழையும் காற்று துளைகளின் வழியே அளந்து விடப்படுகிறது. எரியாத வளிமங்களின் மேல் சூடான இரண்டாம்நிலைக் காற்று பாய்ச்சப்பட்டு அவையும் எரிக்கப்படுகின்றன. ஐந்து கிலோவாட் திறனுள்ள ஓர் அடுப்பு மணிக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட உலர்ந்த விறகையே எரிக்கிறது; அதிலிருந்து எழும் புகைவளிமம், சூட்டில் விரிந்த நிலையிலும், மணிக்குச் சில பத்துக் கனமீட்டர்களைத் தாண்டுவதில்லை. இந்தச் சிறிய புகை, 225 மில்லிமீட்டர் சதுரமாக, அதாவது ஒன்பது அங்குலத்துக்கு ஒன்பது அங்குலமாகக் கட்டப்பட்ட பழைய பாதைக்குள் நுழைந்தால், நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்ந்துதான் மேலே செல்ல முடியும்; அப்படி ஊர்ந்து செல்லும் வழியெல்லாம் குளிர்ந்த செங்கல் அதன் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சூடு குறையக் குறைய இழுப்பு குறைகிறது. இழுப்பு குறையக் குறைய வேகம் மேலும் தளர்ந்து சூடு இன்னும் அதிகமாக இழக்கப்படுகிறது.

குளிர்வதன் விளைவு இழுப்போடு நின்றுவிடுவதில்லை. விறகின் உலர்ந்த பொருளில் ஏறக்குறைய ஆறு விழுக்காடு ஹைட்ரஜன். அது எரியும்போது நீராவியாகிறது. ஒரு கிலோகிராம் முற்றிலும் உலர்ந்த மரம் எரிந்தால் அரைக்கிலோவுக்கும் அதிகமான நீர் ஆவியாகப் பிறக்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும் செய்தி. நன்கு காய்ந்ததாகக் கருதப்படும் விறகிலும் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு ஈரம் இருக்கும் என்பதால், அதில் ஒரு கிலோவுக்கு மொத்தம் 600 கிராமுக்கு மேல் நீராவி புகைபோக்கிக்குள் செல்கிறது. புதிதாக வெட்டிய, பாதிக்குப் பாதி ஈரமான மரமென்றால், அதே அளவு வெப்பத்தைப் பெறுவதற்கு ஏறத்தாழ இருமடங்கு நீராவியை வெளியேற்ற வேண்டியிருக்கும். இந்த ஆவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். விறகுப் புகைக்கு அது, காற்றின் அளவையும் மரத்தின் ஈரத்தையும் பொறுத்து, 50 பாகையை ஒட்டி அமைகிறது. ஒரு செங்கல் புகைபோக்கியின் மேற்பகுதி, கூரைக்கு வெளியே நாற்புறமும் குளிர்காற்றில் நிற்பதால், உட்பக்கச் சுவர் இந்த வெப்பநிலைக்குக் கீழே இறங்குவது எளிது.

நீருக்கு முன்பே படிவது தார். மரத்தைச் சூடாக்கும்போது அதன் உலர்நிறையில் முக்கால் பங்கு அளவு வளிமமாகவும் ஆவியாகவும் பிரிந்து வருகிறது. அந்த ஆவிகளில் எரியாமல் தப்பியவை, நீராவியைவிட உயர்ந்த வெப்பநிலையிலேயே, குளிர்ந்த சுவரில் பழுப்பு நிறக் கசடாக ஒட்டிக்கொள்கின்றன. கிரியோசோட் என்று அழைக்கப்படும் இக்கசடு முதலில் தூசாகவும், பிறகு செதில்களாகவும், புறக்கணிக்கப்பட்டால் கடைசியில் கண்ணாடிபோன்ற பளபளப்புள்ள கறுப்புப் பூச்சாகவும் இறுகுகிறது. முதல் நிலையைத் தூரிகையால் தட்டிவிடலாம். கடைசி நிலையைத் தூரிகை தொட்டும் அசைக்க முடியாது. இக்கசடும் ஒருவகை எரிபொருளே என்பதால், ஒருநாள் நெருப்பு மிகுந்து பொறி மேலே போனால் புகைப்பாதையே பற்றிக்கொள்கிறது. அத்தகைய புகைபோக்கித் தீயில் வெப்பநிலை 1000 பாகையை எட்டக்கூடும். புகைபோக்கியை ஒட்டியோ, பழைய வீடுகளில் சில இடங்களில் அதற்குள்ளேயே நீட்டியோ செருகப்பட்டிருக்கும் மர உத்திரங்களுக்கு இந்த வெப்பம் எத்தகைய ஆபத்து என்பதை விளக்கத் தேவையில்லை.

புகைப்பாதையின் உட்சுவர் முழுமையாக இருந்தால் இந்த ஆபத்துகளில் ஒரு பகுதி குறையும். ஆனால் அது முழுமையாக இருப்பது அரிது. அக்காலக் கொத்தனார்கள் செங்கல்லை அடுக்கும்போதே பாதையின் உட்புறத்தைச் சுண்ணாம்புச் சாந்தோடு மாட்டுச் சாணம் கலந்து பூசினார்கள். சாணத்தைச் சாந்தில் சேர்ப்பது தமிழ் வாசகருக்குப் புதுமையாக இராது. அதிலுள்ள நார்கள் பூச்சைப் பிணைத்து, சூட்டில் விரிந்து சுருங்கும்போது வெடிப்பு பரவாமல் தடுத்தன. மலிவான, அறிவார்ந்த ஏற்பாடுதான், ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு. நிலக்கரியில் கந்தகம் இருப்பதால் அதன் புகையில் கந்தக டை-ஆக்சைடு இருக்கிறது; அது ஈரத்தோடு கூடி அமிலமாகி, சாந்திலுள்ள சுண்ணாம்பைத் தின்று, அதைக் கால்சியம் சல்ஃபேட்டாக, அதாவது ஜிப்சமாக, மாற்றுகிறது. ஜிப்சம் பழைய சுண்ணாம்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் சாந்து உப்பி, உதிர்ந்து, இணைப்புகள் பொள்ளலாகின்றன. மழையும் காற்றும் தாக்கும் பக்கத்தில் ஈரம் மிகுந்து இவ்விரிவும் மிகுவதால், சில புகைபோக்கித் தண்டுகள் மறுபக்கமாக வளைந்து நிற்பதைக் காணலாம். இவ்வாறு ஓட்டையான பாதையில் புதிய கணப்படுப்பின் தார்நீர் கசியும்போது, அது செங்கல்லை ஊடுருவி, படுக்கையறைச் சுவரின் வண்ணப்பூச்சின் மேல் காப்பிநிறக் கறையாக வெளிப்படுகிறது. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அந்தக் கறை மீண்டும் தலைகாட்டும்.

கறை கண்ணுக்குத் தெரிகிறது. கார்பன் மோனாக்சைடு தெரிவதில்லை. காற்றுக் குறைவில் எரியும் எந்த நெருப்பிலும் உண்டாகும் இந்த வளிமத்திற்கு நிறமும் மணமும் கிடையாது. குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைந்துகொள்வதால், சிறிய அளவே உடலின் ஆக்சிஜன் வழங்கலைத் தடுத்துவிடும். புகைப்பாதைகளுக்கு இடையிலுள்ள தடுப்புச் சுவர் இடிந்திருந்தால், கீழறையில் எரியும் நெருப்பின் வளிமம் மேலறையின் கைவிடப்பட்ட கணப்பு வழியாகவோ, சுவருக்கு அப்பால் அண்டை வீட்டாரின் அறையிலோ வெளிவரக்கூடும். புகைபோக்கி ஒழுகினால் அது வீட்டுக்காரரின் சொந்தச் சிக்கலாக மட்டும் நிற்பதில்லை என்பதே தொடர்வீடுகளில் உள்ளுறை இடுவதற்கான மிக வலுவான காரணம்.

எனவே எந்த வேலைக்கும் முன்னால் புகைப்பாதையைத் துப்புரவு செய்து சோதிக்க வேண்டும். இன்று இதற்குத் தூரிகைகளும், உச்சிவரை ஏற்றும் சிறு ஒளிப்படக் கருவியும், புகைச் சோதனையும் உள்ளன. புகைச் சோதனையில் பாதையின் மேல்வாயை மூடி, அடியில் புகைவில்லை ஒன்றைக் கொளுத்தி, நிறமுள்ள புகை வீட்டின் எந்த மூலையில் கசிகிறது என்று பார்க்கிறார்கள். ஒருகாலத்தில் இதே பாதைகளுக்குள் சிறுவர்கள் ஏறவேண்டியிருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். புகைக்கரியில் உழன்ற அவர்களுக்குப் பிற்காலத்தில் விதைப்பையில் புற்றுநோய் வருவதை அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இல் எழுதினார். தொழிலால் வரும் புற்றுநோய் பற்றிய முதல் மருத்துவப் பதிவாக அது கருதப்படுகிறது. சட்டங்கள் பல வந்தும் பயனின்றி, கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மருத்துவமனையின் புகைப்பாதையில் சிக்கி ஜார்ஜ் புரூஸ்டர் என்ற 11 வயதுச் சிறுவன் இறந்த பின்னரே, 1875ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வழக்கத்துக்கு உண்மையில் முற்றுப்புள்ளி வைத்தது. இன்று உள்ளுறைக் குழாயை இறக்கும் தொழிலாளியைத் தொல்லைப்படுத்தும் குறுகிய வளைவுகள் அந்தச் சிறுவர்கள் முழங்கையாலும் முழங்காலாலும் கடந்த வளைவுகளே.

சோதனையில் பாதை சீராக இருப்பதாகத் தெரிந்தால் உள்ளுறை கட்டாயமில்லை. அளவும் பொருந்தி, ஒழுகலும் இல்லாத புகைபோக்கியில் அடுப்பை நேரடியாகவே இணைக்கலாம். இங்கிலாந்தில் 1965ஆம் ஆண்டுக் கட்டட விதிகளுக்குப் பின் கட்டப்பட்ட புகைபோக்கிகளுக்குக் கட்டும்போதே சுடுமண் உள்ளுறை இடப்பட்டிருப்பதால் அவற்றில் சிக்கல் குறைவு. அதற்கு முந்தியவற்றில், மேலே விளக்கிய காரணங்களால், இடுவதே பெரும்பாலும் அறிவுடைமை. விற்பவர் சொல்கிறார் என்பதற்காக அல்லாமல், சோதனையின் முடிவைக் கேட்டு முடிவெடுப்பது நல்லது.

மிகப் பரவலாகப் பயன்படும் உள்ளுறை, வளையக்கூடிய துருப்பிடிக்காத எஃகுக் குழாய். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமேயுள்ள எஃகு நாடாவைச் சுருளாகச் சுற்றி, விளிம்புகளை ஒன்றோடொன்று கொக்கியாக மடித்துப் பூட்டி இதைச் செய்கிறார்கள். வெளிப்புறம் நெளிநெளியாக இருப்பதால் குழாய் வளைகிறது. உட்புறம் வழுவழுப்பாக இருப்பதால் புகை தடையின்றிச் செல்கிறது. எரிவாயு அடுப்புகளுக்கென விற்கப்படும் ஒற்றை அடுக்குக் குழாய் பார்வைக்கு இதைப் போலவே இருந்தாலும், விறகுப் புகையின் சூட்டையும் தாரையும் அது தாங்காது. விறகுக்கு உரிய இரட்டை அடுக்குக் குழாயை ஐரோப்பியத் தரவிதிகளின்படி 1000 பாகையில் அரைமணி நேரம் வைத்துச் சோதிக்கிறார்கள். ஒரு புகைபோக்கித் தீயைத் தாங்குமா என்று பார்ப்பதே இதன் நோக்கம். தாங்கினாலும், உண்மையான தீ ஒன்று ஏற்பட்டபின் அக்குழாயை மறுபடி நம்பாமல் மாற்றிவிடுவதே வழக்கம்.

எஃகில் எந்த வகை என்பது எரிபொருளைப் பொறுத்தது. நல்ல எவர்சில்வர் பாத்திரங்கள் செய்யப்படும் 304 வகை எஃகு, தன் மேற்பரப்பில் தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடுப் படலத்தால் துருவைத் தடுக்கிறது. ஆனால் புகைபோக்கிக்குள் அமிலமும் குளோரைடு உப்புகளும் அந்தப் படலத்தை ஊசிமுனைத் துளைகளாகக் குத்திவிடும். 316 வகையில் சேர்க்கப்படும் இரண்டு முதல் மூன்று விழுக்காடு மாலிப்டினம் அந்தத் துளையீட்டைத் தடுக்கிறது. 904 வகையில் மாலிப்டினம் நான்கிலிருந்து ஐந்து விழுக்காடு. நிக்கல் ஏறத்தாழ கால் பங்கு. கந்தக அமிலத்தை எதிர்க்கச் சிறிது செம்பும் உண்டு. காய்ந்த விறகை மட்டுமே எரிப்பவருக்கு 316 போதுமானது என்றும், புகை குறைந்த நிலக்கரி வில்லைகளையும் எரிக்க விரும்புபவருக்கு 904 தேவை என்றும் பொதுவாகச் சொல்லலாம். ஈர விறகையும் நிலக்கரி வில்லைகளையும் ஒன்றாக எரிப்பதுதான் மிக மோசமான பழக்கம். கந்தகத்தை ஒன்றும் நீரை மற்றொன்றும் தர, இரண்டும் கூடி உண்டாக்கும் அமிலம் எந்த எஃகின் ஆயுளையும் குறைத்துவிடும்.

குழாயின் விட்டத்தை அடுப்புத் தயாரிப்பாளரின் குறிப்பும் சட்டமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கு விளக்கமாக வெளியிடப்படும் அங்கீகரிக்கப்பட்ட ஆவணங்களில் ‘ஜே’ என்னும் ஆவணம், வீடுகளில் வழக்கமான அளவுள்ள மூடிய விறகு அடுப்புக்கு 150 மில்லிமீட்டரைக் குறைந்தபட்ச விட்டமாக வைத்து, புகை மிகக் குறைவாக எரியும் எனச் சான்று பெற்ற சிறிய அடுப்புகளுக்கு மட்டும் 125 மில்லிமீட்டரை அனுமதிக்கிறது. 225 மில்லிமீட்டர் சதுரத்தின் பரப்பு 50,000 சதுர மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 150 மில்லிமீட்டர் வட்டத்தின் பரப்பு 17,700 அளவே. வழி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குவதால் புகையின் வேகம் மும்மடங்காகிறது. சுற்றளவும் பாதியாகிவிடுவதால் சூடு இழக்கும் பரப்பும் பாதியாகிறது. நாற்பது நொடி ஊர்ந்த புகை பதினைந்து நொடியில் உச்சியைக் கடந்துவிடுகிறது. பெரிய வாயில் காற்று நன்றாகப் போகும் என்ற பொதுப்புத்தி இங்கே செல்லாது.

குழாயைப் பெரும்பாலும் மேலிருந்துதான் இறக்குகிறார்கள். சுடுமண் குழலைக் கழற்றி, கூம்பு மூக்கு ஒன்றைக் குழாயின் முனையில் பொருத்தி, அதில் கட்டிய கயிற்றைப் பாதை வழியே கீழே விட்டு, கூரைமேல் நிற்பவர் தள்ளவும் அறையில் இருப்பவர் இழுக்கவுமாக அது வளைவுகளைக் கடக்கிறது. வளைவில் சிக்கினால் வலிமையைக் காட்டக்கூடாது. மெல்லிய எஃகு எளிதில் நசுங்கிவிடும், நசுங்கியது மேலே இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. சுவரைச் சிறிது உடைத்து வளைவைச் சீராக்குவதுதான் அப்போது வழி.

வேலையில் நேரும் பிழைகளில் கண்ணுக்குப் புலப்படாமலே குழாயைக் கெடுப்பது அதைத் தலைகீழாக இறக்குவது. நாடாவின் உள்மடிப்புகள் கூரை ஓடுகள் கவிவதுபோல் கீழ்நோக்கிக் கவிந்திருந்தால்தான், உச்சியிலிருந்து வழியும் தார்நீர் மடிப்பின் மேலாக ஓடி அடுப்புக்குள் இறங்கி எரிந்துபோகும். தலைகீழானால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு சிறு வாய்க்காலாகி நீரை இரு அடுக்குகளுக்கும் இடையே தேக்கிவைக்கும், துப்புரவுத் தூரிகையின் முட்களும் அங்கே மாட்டிக்கொண்டு எஃகைக் கிழிக்கும். இதற்காகவே குழாயின் மேல் அம்புக்குறி அச்சிடப்பட்டிருக்கிறது. சுடுமண் உள்ளுறைத் துண்டுகளை அடுக்கும் கொத்தனாரும் இதே தத்துவத்தின்படி ஒவ்வொரு துண்டின் ஏந்துவாயையும் மேல்நோக்கியே வைக்கிறார். மாற்றி வைத்தால் இணைப்பு தோறும் நீர் செங்கல்லுக்குள் இறங்கும்.

இறக்கிய குழாயின் உச்சி கவ்விகளால் பிடிக்கப்பட்டு, மழையையும், புகைபோக்கிகளில் சுள்ளிகளைக் கொட்டிக் கூடுகட்டும் ஜாக்டா என்னும் சிறு காக்கைகளையும் தடுக்க ஒரு தொப்பி பொருத்தப்படுகிறது. கீழ்முனை அடுப்பின் பீங்கான் பூச்சுக் குழாயோடு இணைகிறது. கணப்பின் கூரைப்பகுதி எஃகுத் தகட்டால் மூடப்படுவதால் அறையின் சூடு பழைய பாதைக்குள் ஏறிப்போவதில்லை. குழாய்க்கும் செங்கல்லுக்கும் இடையே எஞ்சும் வெளியைச் சிலர் வெறுமையாக விடுகிறார்கள். சிலர் வெர்மிகுலைட் மணிகளால் நிரப்புகிறார்கள். வெர்மிகுலைட் என்பது சூடாக்கினால் பல மடங்கு விரிந்து இலேசாகும் அபிரக வகைக் கனிமம். எரிமலைக் கண்ணாடியிலிருந்து கிடைக்கும் பெர்லைட்டும் இதற்குப் பயன்படும். வெளிச்சுவரில் அமைந்து மூன்று பக்கமும் குளிரில் நிற்கும் புகைபோக்கிக்கு இந்தக் காப்பு மிகவும் பயனுடையது. வீட்டின் நடுச்சுவரில் ஏறும் புகைபோக்கிக்கு அவ்வளவு தேவையில்லை. தண்டின் உச்சி மழையில் ஒழுகினால் மணிகள் நனைந்து ஊறி, காப்பே ஈரப்பஞ்சாகிவிடும் என்பதால், கூரைமேலுள்ள சாந்து வேலையைச் சீர்செய்யாமல் நிரப்புவது வீண்.

எஃகு தவிர வேறு வழிகளும் உண்டு. ஐஸ்லாந்தின் எரிமலை நுரைக்கல்லைச் சிமெண்டோடு சேர்த்து வார்த்த பியூமிஸ் உருளைகளை அடுக்குவது ஒன்று. தன்னிலேயே வெப்பத்தைக் காக்கும் இவை எஃகைவிட நெடுங்காலம் நிற்கும், ஆனால் வளைவு வரும் இடந்தோறும் சுவரை உடைத்துத்தான் உள்ளே வைக்க முடியும். மற்றொரு முறையில், நீண்ட ரப்பர்ப் பையைப் புகைப்பாதைக்குள் இறக்கிக் காற்றடைத்துப் பருக்கவைத்து, அதைச் சுற்றி இலேசான சிமெண்டுக் கலவையை ஊற்றி, இறுகியதும் காற்றை இறக்கிப் பையை உருவிவிடுகிறார்கள். தளர்ந்த செங்கல்லையும் இடிந்த தடுப்புச் சுவரையும் கலவை சேர்த்துப் பிடித்துக்கொள்வதால், மிகச் சிதைந்த புகைபோக்கிக்கு இது மருந்தாகவும் அமையும். ஆனால் ஒருமுறை ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது.

உள்ளுறை இட்டுவிட்டால் எல்லாம் முடிந்ததாக எண்ணுவதற்கில்லை. திட எரிபொருள் அடுப்பைப் பொருத்தும் அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வைக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் 2010 முதல் விதியிருக்கிறது. பழைய வீடுகளில் ஐந்து கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள நிரந்தரக் காற்றுத் துளையும் தேவை. இரவு முழுவதும் கனன்றுகொண்டிருக்கட்டும் என்று காற்றை அடைத்துவைக்கும் பழக்கம், காய்ந்த விறகையும் ஈர விறகாக நடத்துவதற்கு ஒப்பானது. மறுநாள் கண்ணாடியில் படிந்திருக்கும் கறுப்பே குழாய்க்குள்ளும் படிந்திருக்கும். 2021 மே முதல் இங்கிலாந்தில் இரண்டு கனமீட்டருக்குக் குறைவாக விற்கப்படும் விறகில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி வந்தது இந்தக் காரணத்துக்கும், நகரக் காற்றின் நலத்துக்குமாகத்தான். அந்த இரண்டாவது நோக்கத்தில் உள்ளுறையால் செய்யக்கூடியது குறைவே: நல்ல இழுப்பு எரிதலைத் தூய்மையாக்குமே தவிர, வெளியேறும் நுண்துகள்களை வடிகட்டுவதில்லை, அவை அண்டை வீட்டாரின் காற்றில்தான் கலக்கின்றன.

எஃகுக் குழாய்களில் பல, அடுப்பு எரியும் குளிர்காலத்தைவிட அது அணைந்திருக்கும் கோடையில்தான் வேகமாகக் கெடுகின்றன. படிந்திருக்கும் கரியும் சாம்பலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, அதிலுள்ள உப்புகள் கரைந்து, மாதக்கணக்கில் எஃகின் மேல் அமிலக் கூழாகக் கிடப்பதே காரணம். ஆதலால் துப்புரவை இலையுதிர்காலத்துக்குத் தள்ளாமல், கடைசி நெருப்பு அணைந்தவுடன் வசந்தத்திலேயே செய்துவிட்டு, காற்றோட்டம் நிற்காதபடி அடுப்பின் காற்றுவாயைத் திறந்துவைப்பது நல்லது. இவ்வளவு கவனித்தாலும் ஒரு குழாய்க்குச் சில பத்தாண்டுகளே ஆயுள், சுற்றியுள்ள செங்கல்லுக்கோ நூற்றைம்பது ஆண்டுகள் ஏற்கெனவே கடந்துவிட்டன. பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களைப் பேணுபவர்கள், வார்த்து ஊற்றும் கலவையைவிட எஃகுக் குழாயையே பெரும்பாலும் விரும்புவதற்குக் காரணம் அது நீடித்து நிற்கும் என்பதல்ல. கெட்டுப்போனால் கவ்வியைத் தளர்த்தி, வந்த வழியே உருவி எடுத்துவிட்டு, சாணமும் சுண்ணாம்பும் பூசிய அந்தப் பழைய பாதைக்கு ஊறுசெய்யாமல் வேறொன்றை இறக்கலாம் என்பதுதான்.